ஜூலை 14 தெரியும், ஜூலை 30 தெரியுமா?

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பஸ் ஏறிப் புதுவைக்குப் போய்வந்த நமது ஆத்தூர்க் கிழங்கு மில் தோழர்கள் சிலரை, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். கடற்கரை பார்த்தோம், பழைய கலங்கரை விளக்கம் பார்த்தோம், ஆயி மண்டபம் பார்த்தோம், டூப்ளே சிலை பார்த்தோம், மஞ்சள் பூசிய துரைமார் மாளிகைகள் பார்த்தோம் என்றார்கள். "சவானா மில் பார்த்தீர்களா?" என்றோம். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்கள்.

தோழர்கள் மீது குற்றமில்லை. ஊரைக் காட்டுகிறவர்கள் மாளிகையைக் காட்டுகிறார்கள். மாளிகைக்குப் பணம் வந்த வழியைக் காட்டுவதில்லை. "ஆங்கிலேயன் கொள்ளையடித்தான், பிரெஞ்சுக்காரன் நாகரிகம் கொடுத்தான்" என்ற பழங்கதை இன்றும் விலை போகிறது. இந்தக் கதையை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

பிரெஞ்சுக் கம்பெனி புதுவையில் கால் வைத்தது 1674ல். பிறகு காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவற்றுக்கும் புதுவையே தலைநகர். 1761ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். இரண்டு கொள்ளைக்காரர்களின் பங்குச் சண்டை அது! மீண்டும் நகரைக் கட்டியது யார்? கவர்னரா கல் சுமந்தார்? மண் சுமந்தவனும் சுண்ணாம்பு அரைத்தவளும் நம்மவர்களே. கட்டி முடிந்ததும் என்ன கிடைத்தது? வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்காற்று வீசும் வெள்ளை நகரம். மேற்கே கருப்பு நகரம். கட்டியவனுக்குக் கருப்பு நகரம்!

இதோடு நின்றதா நாகரிகம்? 1848ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் வேண்டுமே! புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ்க் கூலிகளை ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றி ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு அனுப்பினார்கள். புதுவை நெசவாளி நெய்து நீலச் சாயம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய் வியாபாரியின் பெட்டியை நிரப்பியது. மாளிகையின் மஞ்சள் சுவரைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இந்த நீலமும் கரும்புச் சாறும் வியர்வையும்தான் தெரியும்.

பாரிஸில் ஒரு நீதி, புதுவையில் ஒரு நீதி

பிரெஞ்சு நாடென்றால் நமக்கு வெறுப்பில்லை. 1789 ஜூலை 14ல் பாஸ்டில் சிறையைத் தகர்த்த மக்கள் நம் மக்கள். 1871ல் பாரிஸ் கம்யூன் கண்டு, கடைசியில் பெர் லாஷேஸ் இடுகாட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட தொழிலாளிகள் நம் உடன்பிறப்புகள். அந்தத் தொழிலாளியையும் சுட்டது எவனோ, புதுவைத் தொழிலாளியையும் சுட்டது அவனே. அவன் பெயர் முதலாளித்துவம்.

1936ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸ் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் முன்னணி ஆட்சி வந்திருந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று ஜூன் மாதம் சட்டம் ஆயிற்று.

அதே கொடி பறந்த புதுவையில் சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று பஞ்சாலைகளிலும் ஆண், பெண், சிறுவர் எல்லோரும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தனர். தோழர் வ. சுப்பையா 1934ல் 'சுதந்திரம்' பத்திரிகை தொடங்கித் தொழிலாளரைத் திரட்டினார். பாரிஸ் தொழிலாளி கேட்டதைத்தான் புதுவைத் தொழிலாளியும் கேட்டான். பாரிஸுக்குக் கிடைத்தது சட்டம். புதுவைக்குக் கிடைத்தது குண்டு! 1936 ஜூலை 30ல் பிரெஞ்சிந்திய சர்க்காரின் படை சுட்டது. 12 தொழிலாளர் மாண்டனர்.

ரத்தம் வீணாகவில்லை. சுப்பையா பாரிஸ் வரை சென்று வாதாடினார். 1937ல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. இதைத் துரை தந்த தானம் என்று யாராவது சொன்னால், பன்னிரண்டு பேரின் கணக்கை எங்கே எழுதுவது என்று கேளுங்கள்.

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக மடிந்தவர்களுக்குக் கடற்கரையில் 1938ல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். மடிந்த சிப்பாயை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னத்தின் முன் படம் பிடித்துக்கொள்ளும் ஆயிரம் பேரில், எட்டு மணி நேரத்துக்காக மடிந்தவர்களைப் பற்றி எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? ஜூலை 14 விழா புதுவையில் இன்றும் நடக்கிறது. நடக்கட்டும். பதினாறு நாள் கழித்து வரும் ஜூலை 30ஐயும் அதே மரியாதையோடு ஊர் அறியட்டும்.

மில் எங்கே, மணி எங்கே?

1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டு இறங்கியது. மில்கள் கைமாறின, பெயர் மாறின. கடைசியில் சர்க்கார் கைக்கே வந்தன. ரோடியர் மில்லான ஏ.எப்.டி. ஆலை 2020ல் மூடப்பட்டது. மற்ற இரண்டிலும் இன்று தறியோசை இல்லை. துரைமார் மாளிகையில் ஹோட்டல் நடத்தப் பணம் இருக்கிறது; தொழிலாளியின் ஆலையை நடத்தப் பணமில்லையாம்!

இது புதுவைக் கதை, நமக்கென்ன என்று ஆத்தூர்த் தோழர்கள் இருந்துவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலேயே 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றதால்தான் அது திரும்பப் பெறப்பட்டது. மறுபடி வராது என்று யார் உறுதி சொல்வது? கிழங்கு சீசனில் மில்லுக்குள் நிற்பவனும், கிழங்குக் காட்டில் குனிந்து நிற்பவளும் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், எட்டு மணி நேரம் நம்மில் பலருக்கு இன்னும் வந்தே சேரவில்லை என்பது தெரியும்.

சேலத்து மண்ணில் பிறந்த நமக்குக் குண்டுச் சத்தம் புதிதல்ல. 1950 பிப்ரவரி 11ல் சேலம் சிறைக்குள் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தது பிரெஞ்சுக்காரனும் அல்ல, ஆங்கிலேயனும் அல்ல.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை புதுவைக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பாருங்கள், ஆயி மண்டபத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு மில் வாசலுக்கு நடந்து போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போய், "உன் அப்பனுக்கு எட்டு மணி நேரம் இங்கே பிறந்தது" என்று சொல்லுங்கள். திரும்பி வந்து சங்கத்தில் சேருங்கள்.

ஜூலை 30 தியாகிகள் புகழ் ஓங்குக!
எட்டு மணி நேர உரிமையைக் காப்போம்!