சூடான வண்டியில குளிர் நோய் தெரியாது

தை மாசம் ஊருக்கு வந்திருந்த சென்னை நண்பர் ஒருத்தர், விடியக்காலம் என் பிக்கப் ஸ்டார்ட் ஆகுற லட்சணத்தைப் பாத்துட்டுச் சொன்னார்: "விவசாயிங்க யாரும் வண்டியை மெயின்டெயின் பண்றதே இல்ல சார். ஒழுங்கா கம்பெனி சர்வீஸ்ல விடுங்க."

விட்டேன். ரெண்டு தடவை விட்டேன். அதுதான் இந்தப் பதிவு.

எங்க ஊர் தளி பக்கம். கிட்டத்தட்ட 3000 அடி உயரம். மார்கழி, தையில விடிகாலை போர்வைக்குள்ள இருந்து கையை வெளிய எடுக்க மனசு வராது. அந்த நேரத்துலதான் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுக் கிளம்பணும். லேட்டா போனா வாங்குறவங்க பாதிப் பேர் கிளம்பியிருப்பாங்க, மிச்சப் பேர் சொல்றதுதான் விலை. செடியில மூணு மாசம் பட்ட பாடு, வண்டி ஸ்டார்ட் ஆகாத அரை மணி நேரத்துல போயிடும்.

என் வண்டிக்கு வந்த வியாதி இதுதான். சாவி திருப்பினா செல்ஃப் நல்லா சுத்தும், இன்ஜின் பிடிக்காது. மூணாவது நாலாவது தடவை பிடிக்கும், பிடிச்சதும் வண்டியே உதறும். பின்னாடி வெள்ளைப் புகை. ஒரு நிமிஷம் போனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். அன்னைக்கு முழுக்க எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒரே சாவியில ஸ்டார்ட்.

இப்ப சர்வீஸ் சென்டர் கதைக்கு வரேன். அவங்க திறக்கறதே ஒன்பதரை மணிக்கு. நான் வீட்டுல இருந்து ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேரும்போது இன்ஜின் கொதிச்சுப் போயிருக்கும். அவங்க சாவி போட்டாங்க, டக்குனு ஸ்டார்ட் ஆச்சு. கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்தாங்க, எரர் ஒண்ணும் இல்ல. "பேட்டரி வீக்கா இருக்கும் சார்"னு மாத்தினாங்க. ஏழாயிரம். மறுநாள் காலைல அதே உதறல். ரெண்டாவது தடவை போனேன். "அப்ப இன்ஜெக்டர்தான் சார், நாலையும் மாத்திடலாம்." எஸ்டிமேட் அறுபதாயிரத்தைத் தாண்டுச்சு.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. என் கோபம் அந்த முறை மேல. நோய் வர்றது காலைல நாலு மணிக்கு. வைத்தியர் பாக்குறது பத்து மணிக்கு. நோயையே பாக்காம அறுபதாயிரம் ரூபாய்க்கு மருந்து எழுதுறது என்ன நியாயம்?

எங்க ஊர் ரோட்டோரத்துல ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட கடைசியா போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்ல. "இப்ப என்னத்தைப் பாக்குறது தம்பி? சூடான வண்டியில குளிர் நோய் தெரியாது. ராத்திரி நிறுத்துற இடத்துலயே நிக்கட்டும். காலைல நான் வர்ற வரைக்கும் சாவி போடாத"ன்னார்.

நாலரைக்கு டார்ச்சோட வந்தார். முதல் கேள்வி, "தினமும் இப்படியா, சில நாள்தானா?" நான் யோசிச்சுக்கிட்டு நிக்கறேன், வீட்டுக்காரம்மா டீ கொண்டு வந்து வெச்சுட்டுச் சொன்னாங்க: "ஏங்க, கோயில் மேட்டுல முகம் கீழ பாத்து நிறுத்துற அன்னைக்கு நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது?" அண்ணன் சிரிச்சுட்டார்.

செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டர் வெச்சுப் பாத்தார். 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்கல, பேட்டரி நல்லாருக்கு. ஹீட்டர் பிளக் நாலும் மீட்டர்ல ஒரே மாதிரி காட்டுச்சு. அப்புறம் டீசல் ஃபில்டர் மேல இருக்கிற கைப் பம்பை அமுக்கினார். ரெண்டு மூணு அமுக்குல கெட்டியாகணும். இருபத்தஞ்சு தடவை அமுக்கியும் தொளதொளன்னு இருந்துச்சு. கெட்டியானதும் சாவி போடச் சொன்னார். ஒரே சுத்துல பிடிச்சது. உதறல் இல்ல, புகை இல்ல.

விஷயம் இவ்வளவுதான். டீசல் இன்ஜின்ல தீப்பொறி கிடையாது. காத்தைப் 16, 17 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டுலதான் டீசல் பத்தும். அதுக்கு டீசல் சரியான அழுத்தத்துல போய்ச் சேரணும். டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ்ல, கிளிப்புக்கு அடியில முடி மாதிரி ஒரு வெடிப்பு. அது பம்பு இழுக்கிற பக்கம், அதனால டீசல் வெளிய சொட்டாது. காத்து உள்ள போகும். ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிடும். முகம் கீழ பாத்து நிறுத்தினா டேங்க் மேல இருக்கும், அதனால இறங்காது. வெள்ளைப் புகை, சரியா எரியாம வந்த டீசல். ஒரு அடி ஹோஸ், ரெண்டு கிளிப். இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. அவர் கூலியைச் சேத்தாலும் எஸ்டிமேட்ல வரி கட்டுற அளவுக்குக்கூட வரல.

"சர்வீஸ் சென்டர்காரன் நாலரைக்கு உங்க வீட்டுக்கு வருவானா?"ன்னு கேப்பீங்க. வர வேண்டாம். வண்டியை ராத்திரி அங்கேயே நிறுத்திட்டு, காலைல வந்ததும் முதல் வேலையா அதை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா போதும். ரெண்டு தடவையும் யாரும் அதைச் சொல்லல.

கம்ப்யூட்டர் வேண்டாம்னும் சொல்லல. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு வர்ற வண்டிகளை அது இல்லாம பாக்கவே முடியாது. ஆனா அந்தக் கருவியும் வயரிங் படமும் எங்க ஊர் அண்ணன் கைக்கும் கிடைக்கணும். 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டாங்க. விவசாயக் கருவியும் மோட்டார் வண்டியும் அதுல இருக்கு. நல்ல விஷயம். எங்க ஊர் ஷெட் வரைக்கும் இன்னும் வந்து சேரல.

எங்க மேலயும் தப்பு இருக்கு. ஃபில்டர்ல சேர்ற தண்ணியை வடிக்க மாட்டோம். கேன்ல வாங்கின டீசலை வடிகட்டாம ஊத்துவோம். பிடிக்கலைன்னா கோபத்துல செல்ஃப அடிச்சுக்கிட்டே இருப்போம். ஆனா அது வேற, பாக்காமலே பார்ட் மாத்துறது வேற.

உங்க கார் காலைல உதறுனா நீங்களும் இதையே கேளுங்க: "ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா? என்ன டெஸ்ட் பண்ணி இந்த முடிவுக்கு வந்தீங்க? கழட்டுன பார்ட்டை என் கையில குடுங்க." பதில் வரலைன்னா சாவியை வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

சென்னை நண்பருக்கு: வண்டி இப்ப ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது. மெயின்டனன்ஸ் பண்ணாம இருந்தது நான் இல்ல சார்.