சரிபார்க்காத ஆவணம் யாருக்கு உதவும்?

போர்க்குற்ற ஆதாரம் என்ற பெயரில் எங்கள் வட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் வரும் படங்களும் கடிதங்களும் கொஞ்சநஞ்சமல்ல. ‘உடனே பகிருங்கள்’ என்ற வேண்டுகோள் இருக்கும். யார் எடுத்தது, யார் கையிலிருந்து வந்தது என்ற விபரம் இருக்காது. உண்மை எங்கள் பக்கம்தானே, இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சிக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 செப்டெம்பர் 8. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் ஜோர்ஜ் புஷ் தேசியக் காவற்படையில் தன் கடமையை ஒழுங்காகச் செய்யவில்லை எனக் காட்டும் ஆவணங்களை, சீ.பி.எஸ்ஸின் மூத்த ஊடகவியலாளர் டான் ராதர் வெளியிட்டார். காலஞ்சென்ற மேலதிகாரி ஒருவர் 1970களின் தொடக்கத்தில் எழுதியவை என்று சொல்லப்பட்டது. கையில் இருந்தவையோ வெறும் நகல்கள். எழுத்துரு கணினியில் அடித்தது போலிருக்கிறது என்று சில மணி நேரத்திலேயே கேள்விகள் கிளம்பின. ஒளிபரப்புக்கு முன்னரே நிபுணர்கள் சிலர் தங்கள் சந்தேகத்தைச் சொல்லியிருந்தார்கள்.

ஆனாலும் நிறுவனம் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் விடாப்பிடியாக நின்றது. ஆவணங்களைக் கொடுத்தவரே அவை தனக்குக் கிடைத்த வழி பற்றிப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்ட பின்னர்தான், செப்டெம்பர் 20இல் மன்னிப்புக் கேட்டது. 2005 ஜனவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. தயாரிப்பாளர் நீக்கப்பட்டார். மூன்று உயரதிகாரிகளிடம் பதவி விலகும்படி கேட்கப்பட்டது. ஆவணங்கள் போலியா என்பதை அக்குழுகூட அறுதியாகச் சொல்லவில்லை. உறுதிப்படுத்தாமல் வெளியிட்டதும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதற்காக வாதாடியதுமே குற்றங்களாயின. புஷ் கடமையைச் செய்தாரா என்ற முதற் கேள்வி இந்தச் சர்ச்சையில் பின்தள்ளப்பட்டது. நவம்பரில் அவர் மீண்டும் வென்றார்.

எங்களோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு அனுபவம் இதற்கு நேர்மாறானது. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4, கைகள் கட்டப்பட்டவர்கள் நிர்வாணமாகச் சுட்டுக்கொல்லப்படும் காணொளியை வெளியிட்டது. அதைத் தன்னால் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. இலங்கை அரசாங்கம் அது போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் தடயவியல் மருத்துவம், ஆயுதம், காணொளி ஆகிய துறைகளின் நிபுணர்கள் மூவரிடம் அதை ஒப்படைத்தார். காணொளி உண்மையானது என்பதையே ஆய்வு வலுவாகக் காட்டுகிறது என 2010 ஜனவரியில் அறிவித்தார். முக்கியமாக, காணொளியில் பதிவாகியிருந்த திகதி உட்பட, விளக்கம் கிடைக்காத சில அம்சங்களையும் அவர் மறைக்காமல் பட்டியலிட்டார். அதனால்தான் அந்த முடிவை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

தீவகத்துக்கு வருவோம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். ஆனால் இறந்தவர்கள் 23 பேர் என்றும் 36 பேர் என்றும் இன்றுவரை வெவ்வேறு கணக்குகள் எழுதப்படுகின்றன. படுகொலை நடந்ததில் யாருக்கும் ஐயமில்லை. எண்ணிக்கை தடுமாறும் இடத்தில்தான் மறுப்பவர் கால் வைப்பார். வேறொரு நாட்டுச் சடலத்தின் படத்தைக் குமுதினி என்று யாராவது பகிர்ந்தால், அவருக்கு அந்த ஒன்றே போதும்.

2021 முதல் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. எனவே வீட்டில் இருக்கும் பழைய படம், கடிதம், முறைப்பாட்டுத் துண்டு எதுவானாலும் அசலைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும் படம் அளவு குறைந்து, எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்களை இழந்துவிடும். எடுத்தவர் யார், எப்போது, யார் மூலம் கிடைத்தது என்பதை எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பிழையானதைப் பகிர்ந்துவிட்டால் அன்றே திருத்துங்கள்.

நீதிக்காக நாற்பது வருடம் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, அவசரத்தில் பகிர்ந்த ஒரு படத்தால் இன்னொரு மறுப்பு வந்து சேரக்கூடாது.