ஆக்டோபஸ்: சிரிக்கும் முன் சிந்திப்போம்!



"ஆக்டோபஸ்ல எத்தனை பஸ் இருக்கு?" என்ற கடி ஜோக்கைக் கேட்காதவர் உண்டா? உண்மையில் அதில் பஸ்ஸே கிடையாது. கால்தான் இருக்கு! கிரேக்க மொழியில் 'ஒக்டோ' என்றால் எட்டு. 'பூஸ்' என்றால் கால். எட்டுக் கால் உள்ளது ஆக்டோபஸ், அவ்வளவுதான். நாம் முக்காலி, நாற்காலி என்கிறோமே, அதே மாதிரிதான். அதனால்தான் தமிழில் அதற்கு 'எண்காலி' என்று அழகான பெயர் இருக்கிறது.

சரி, ஒண்ணுக்கு மேல இருந்தா ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இங்கதான் சண்டையே! ஒருவர் 'ஆக்டோபஸஸ்' என்றால், "ஐயே, 'ஆக்டோபை'ன்னு சொல்லணும்" என்று சிலர் சிரிக்கிறார்கள். கணக்கில் ரேடியஸ் – ரேடியை, அறிவியலில் ஃபங்கஸ் – ஃபங்கை என்று படித்த பழக்கம். ஆனால் அவை இரண்டும் லத்தீன் சொற்கள். அந்த விதி அவற்றுக்குப் பொருந்தும். ஆக்டோபஸின் கடைசியில் இருப்பதோ கிரேக்கக் கால்! கிரேக்கத்தில் அதன் பன்மை 'ஒக்டோபொடெஸ்'. அப்படின்னா, சிரிச்சவங்க சொன்னதுதான் விதி மாறிப் பிறந்த சொல். பலரும் எழுதி எழுதிப் பழகியதால் அதுவும் அகராதியில் இடம் பிடித்துவிட்டது.

என் கருத்து இதுதான். ஒரு சொல் எந்த மொழிக்குக் குடிவந்ததோ, அந்த மொழியின் இலக்கணப்படி நடப்பதே நியாயம். ஆங்கிலத்தில் 'ஆக்டோபஸஸ்' என்பது முழுக்கச் சரி. தமிழில் எழுதினால் 'ஆக்டோபஸ்கள்'. பஸ்ஸை நாம் 'பஸ்கள்' என்றுதானே எழுதுகிறோம், 'பஸஸ்' என்றா எழுதுகிறோம்?

இன்னொன்றும் சொல்லணும். நம் கடற்கரை மீனவர்கள் இதைப் 'பேய்க்கணவாய்' என்பார்கள். வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால், அதற்கும் சிலர் சிரிப்பார்கள். ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் 'தலைக்காலிகள்' என்ற ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்கிறது விலங்கியல். அந்த உறவு மீனவர் வைத்த பெயரிலேயே இருக்கே! அந்தச் சொல்லைச் சொல்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தப்பு என்று தோன்றினால் அகராதியைப் புரட்டுவோம். ஒருவர் பேசுவதைப் பார்த்துச் சிரித்தால், அவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். அது எந்தப் பன்மைத் தப்பையும் விடப் பெரிய தப்பு!

என்ன நண்பர்களே, நான் சொல்றது சரிதானே?

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு