இன்று நாய், நாளை?

கப்பல்துறையில் என் மாணவி ஒருத்தி அழுதபடி வந்தாள். அப்பா வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பூச்சிமருந்துக் கேனைக் கழுவிய தண்ணீரைக் குடித்து, அவள் நாய் இரவே செத்துவிட்டது.

எச்சில் வழிந்து, வாந்தியெடுத்து, உடல் நடுங்கி, கண்மணி சுருங்கினால் நஞ்சென்று சந்தேகியுங்கள். உப்புத்தண்ணீரோ எண்ணெயோ புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கேனின் லேபலோடு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். ஓகனோபொஸ்பேட் நஞ்சுக்கு அத்ரோப்பின் ஊசி உண்டு. எந்த மருந்தென்று லேபல்தான் சொல்லும்.

அதே வாசலில்தான் நம் பிள்ளைகளும் தவழ்கிறார்கள். மருந்தைப் பூட்டிவைக்க அறையும், தெளிப்பவர்களுக்குக் கையுறையும் கொடுத்து, காலிக் கேன்களைத் திரும்ப எடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அடுத்த பேச்சுவார்த்தையில் இதை முதல் கோரிக்கையாக வைப்போம். காலிக் கேனை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை நாமும் இன்றே விடுவோம்.