கார் எங்கே நிற்கும் என்று முதலில் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் திண்டிவனத்தில் இருக்கும் என் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். வீட்டின் முன்பக்கக் கார் ஷெட்டை அடைத்து, ஷட்டரை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே ஏசி, பெரிய டிவி, கேரம் போர்டு, சோபா. "சார், எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். அதே வாரம்தான் கனடாவில் இருக்கும் என் அக்கா மகன், தன் வீட்டுக் கராஜை ஹீட்டர் வைத்த விளையாட்டு அறையாக மாற்றிய படங்களைக் குடும்பக் குழுவில் போட்டான். உடனே விழுப்புரத்து உறவுகள் நான்கு பேர், "நாமும் செய்யலாமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

வரைபடம் அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் அதில் கார் இல்லை.

கனடாக்காரனைப் பார்த்துச் செய்கிறோம் என்பவர்கள் அவன் வீட்டு முன்பக்கத்தையும் பாருங்கள். கராஜுக்கும் தெருவுக்கும் நடுவே அவனுடைய சொந்த மனையிலேயே இரண்டு கார் நிற்கும். கராஜை அறையாக்கியதும் கார் பத்தடி வெளியே வந்தது, அவ்வளவுதான். அங்கே பல ஊர்களில் குளிர்காலத்தில் இரவு முழுக்கத் தெருவில் வண்டி நிறுத்தவே கூடாது. பனி வாரும் வண்டி வர வேண்டும். நம் வீட்டிலோ ஷெட்டின் வாசல் முடிகிற இடத்தில் தெரு ஆரம்பித்துவிடுகிறது. ஷெட்டை அடைத்தால் கார் நேரே பொதுத் தெருவுக்குத்தான் போகும்.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று. தெரு 20 அடி. அதாவது ஏறக்குறைய 6 மீட்டர். ஒரு காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். இரு பக்கமும் ஒவ்வொரு கார் நின்றால் 3.4 மீட்டர் போயிற்று. யாரும் சுவரோடு ஒட்டி நிறுத்துவதில்லை; கால்வாய், ரேம்ப், பைக் எல்லாம் கழித்தால் மீதி 2 மீட்டர்கூடத் தேறாது. 108 வண்டியின் அகலமே கிட்டத்தட்ட 2 மீட்டர். தீயணைப்பு வண்டி அதைவிடப் பெரிது. விடை என்ன?

விடையை நான் கண்ணால் பார்த்தேன். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இரவு பாத்ரூமில் விழுந்துவிட்டார். 108 பத்தே நிமிடத்தில் வந்தது. வந்து தெருமுனையில் நின்றது. உள்ளே ஏழு கார்கள். ஸ்ட்ரெச்சரை மழையில் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்த ஏழு கார்களில் நான்கின் சொந்தக்காரர்களுக்குக் கார் ஷெட் இருந்தது. ஒன்று ஜிம், ஒன்று டியூஷன் அறை, இரண்டு "ஹோம் தியேட்டர்".

"ரோடு வரி கட்டுகிறோமே சார்" என்பீர்கள். கட்டுங்கள். அது வண்டி ஓட்டுவதற்கான வரி. தெருவில் 70 சதுர அடியைப் பட்டா போட்டுக்கொடுத்ததற்கான ரசீது அல்ல. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் கார் உன் பெயருக்குப் பதிவாகும். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை என்பதற்காக நியாயமும் இல்லாமல் போகுமா? தவிரவும், வீடு கட்ட அனுமதி வாங்கும்போது வாகன நிறுத்தம் என்று காட்டிய இடத்தை அறையாக மாற்றுவது, அனுமதித்த வரைபடத்தை மீறுவதுதான். இன்ஜினியர் "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்வார். அவர் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, தெருவை விடுங்கள். உங்கள் பணத்தைப் பற்றியாவது பேசுவோம். ஃபெஞ்சல் புயலை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊரிலும் வீட்டுக்குள் தண்ணீர். வீட்டின் ஹால் இரண்டடி உயரத்தில் இருக்கும். கார் ஷெட் ஏறக்குறைய ரோடு மட்டம். கார் ஏற வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுவது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சுரண்டினார்களா என்று உங்களுக்கே தெரியும். ரோடு ஏற ஏற ஷெட் பள்ளமாகும். அங்கேதான் சோபா போடப் போகிறீர்கள்.

கூரை ஷீட்டாக இருந்தால் இன்னும் வேடிக்கை. ஒரு டன் ஏசி என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பனிக்கட்டி எந்த மூலைக்கு? கனடாக்காரன் சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடுப்புப் பஞ்சு அடைத்த பிறகே ஹீட்டர் வைத்தான். நாம் அதை விட்டுவிட்டு டிவியை மட்டும் பார்த்தோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு யூனிட் விலையே ஏறிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கார் இல்லை, அதனால் பொறாமை என்று ஒரு மருமகன் சொல்லக்கூடும். (அவர் காரும் அந்த ஏழில் ஒன்று.)

பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே தெருக்களில்தான் பிள்ளைகள் பம்பரம் விட்டார்கள். இன்று அந்த இடத்தில் கார் நிற்கிறது. பிள்ளைகள் விளையாடக் கார் ஷெட்டை இடிக்கிறோம்.

வரைபடம் அனுப்பிய தம்பிக்கு: உன் மொட்டை மாடி காங்கிரீட். வெள்ளை டைல்ஸ் போட்டு, வடக்கே தெற்கே ஜன்னல் வைத்து, வெயில் விழாத பக்கமாக ஓர் அறை கட்டிக்கொள். முதலில் அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேள், அனுமதியும் வாங்கு. செலவு கூடும்தான். கார் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

மற்றவர்கள் கமெண்டில் என்னைத் தாராளமாகத் திட்டலாம். ஷெட்டை அடைத்தபின் கார் எங்கே நிற்கும் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.