இல்லத்து நந்தவனம்: முளைக்காத விதைக்குக் கைராசி காரணமன்று

மேனாம்பேட்டிலிருந்து முதிய வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் சூட்டுவதற்குப் பரங்கிப்பூ தம் வீட்டிலேயே பூக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகச் சென்ற ஐப்பசியில் வீட்டின் பின்புறம் பரங்கியும் வெள்ளரியுமாகப் பன்னிரண்டு விதைகளை ஊன்றினாராம். ஒன்றே ஒன்று தலைகாட்டியது. அதுவும் நான்காம் நாள் சாய்ந்துவிட்டது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் மற்ற விதைகள் கூழாகி நாறின. “உங்கள் கைக்கு ராசியில்லை, விதை முளைக்காதது வீட்டுக்கும் நல்ல சகுனமன்று” என்று அக்கம்பக்கத்தார் சொன்னது அவர் மனத்தில் முள்ளாய்த் தைத்திருக்கிறது. இவ்வாண்டு விதைப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

தாராளமாக விதையுங்கள், அம்மா. விதை முளைக்காததற்கு உங்கள் கை காரணமன்று; விதை, மண், நீர், வெப்பம் என்னும் நான்கில் ஒன்றே காரணம். கோயில் திருவிழாவின் தொடக்கத்தில் நடைபெறும் அங்குரார்ப்பணத்தைப் பலரும் தரிசித்திருப்பீர்கள். அங்கும் தானியத்தை ஊறவைத்து, இதற்கென்றே எடுத்த மண்ணைப் பாலிகையில் நிரப்பி, விதைத்து, நீர் தெளித்துக் காக்கிறார்கள். இறைவன் சந்நிதியிலேயே முளைப்புக்கு இத்தனை முன்னேற்பாடு உண்டு என்றால், நம் வீட்டுத் தோட்டத்திற்கு வேண்டாமா?

முதலில் விதையைக் கவனிப்போம். சமையலுக்கு வாங்கும் வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் பிஞ்சுகள். அவற்றின் விதை முற்றாதது. அதை எத்தனை பக்தியோடு ஊன்றினாலும் முளைக்காது. மிருத்யுஞ்சய மந்திரம், பழுத்துக் காம்பிலிருந்து விடுபடும் வெள்ளரிப்பழத்தை உவமையாகச் சொல்வதை அறிவீர்கள். அப்படிக் கொடியிலேயே பழுத்த கனியில்தான் விதை முற்றியிருக்கும். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். நன்கு முற்றிய பரங்கியும் சாம்பல் பூத்த வெண்பூசணியும் மட்டுமே கடையில் வாங்கினாலும் விதைக்கு உதவக்கூடியவை.

வெள்ளரி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. பழச்சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு, பலமுறை கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். பாகல், வெண்பூசணி விதைகளுக்கு உறக்கநிலை உண்டு; கனியிலிருந்து எடுத்தவுடனே விதைக்காமல், ஒரு மாதமாவது கழித்து விதைப்பது நலம். சென்னையின் ஈரக்காற்றில் வெறும் காகிதப் பொட்டலத்தில் வைத்த விதை விரைவில் வீரியம் குன்றும். நம் முன்னோர் சாம்பலில் புரட்டியோ சாண வறட்டியில் பதித்தோ வைத்ததற்கு இதுவே காரணம். இன்று காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பி போதும்.

விதையில் உயிர் உள்ளதா என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் 10 விதைகளைச் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். துணி காயாமல் நீர் தெளித்து வந்தால் வெள்ளரி 3, 4 நாட்களிலும், பரங்கி ஒரு வாரத்திற்குள்ளும் முளைவிடும்; பாகலுக்கு 10 நாட்கள்கூட ஆகலாம். 6 விதைகள் முளைத்தாலே நல்ல விதை. நம் நாட்டில் சான்று பெற்ற பூசணி இன விதைகளுக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு முளைப்புத்திறனே 60 சதவீதந்தான். ஆகவே 10க்கு 4 பொய்த்தால் கலங்க வேண்டியதில்லை; குழிக்கு 3 விதை ஊன்றுவதும் இதனால்தான். கடையில் வாங்கும் பொட்டலத்தில் சோதனை செய்த நாளையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்குங்கள்.

துணியில் முளைத்த விதை மண்ணில் முளைக்கவில்லையென்றால் குறை விதையில் இல்லை. எட்டாம் நாள் மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். விதை கூழாகியிருந்தால் நீர் மிகுதி. ஊன்றியபடியே உலர்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை, அல்லது தோல் கடினம். வெறும் ஓடு மட்டும் கிடந்தாலோ, விதையையே காணவில்லை என்றாலோ எலி, அணில், எறும்பின் வேலை. கம்பிவலை மூடினால் தீரும். முளைத்த நாற்று தண்டின் அடி கறுத்து மெலிந்து சாய்ந்தால் அது பூஞ்சையால் வரும் நாற்றழுகல். இதற்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதையில் புரட்டி ஊன்ற வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும்.

மேனாம்பேட்டு அம்மையாரின் விதைகள் அழுகியதும் நாற்று சாய்ந்ததும் நீர் மிகுதியையே காட்டுகின்றன. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பொழிகிறது. நீர் தேங்கும் மண்ணில் மூச்சுக்குக் காற்றில்லாமல் விதை அழுகும். ஆனால் பரங்கி விதைத்த ஏறக்குறைய 45 நாட்களில் பூக்கத் தொடங்குவதால், மார்கழிப் பூவுக்கு ஐப்பசியே ஏற்ற மாதம். மாற்ற வேண்டியது மாதத்தையன்று, இடத்தை.

ஐப்பசி முதல் வாரத்தில், அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சிகளில் செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது. பரங்கி, வெள்ளரி விதைகளை 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, 2 செண்டிமீட்டர் ஆழத்தில் படுக்கை வசமாக ஊன்றி, தாழ்வாரத்தில் மழை படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. பாகல் விதையை மட்டும் ஓர் இரவு முழுவதும் ஊறவையுங்கள். முளைத்தபின் உண்மையிலைகள் இரண்டு விரிந்ததும், வேர் கலையாமல் மண்ணோடு எடுத்து, ஒரு சாண் உயரம் மேடு கட்டிய பாத்தியில் நடுங்கள். வீடு கட்டியபோது கொட்டிய இடிபாட்டு மண் பின்புறத்தில் கிடந்தால் அதை அகற்றிவிடுங்கள்.

மாடியில் வளர்ப்போர் அக்கினி நட்சத்திர நாட்களில் விதைப்பதைத் தவிர்க்க வேண்டும். கறுப்புப் பையின் மண் கொதித்து முளையைக் கருக்கிவிடும். காய்க்காக விதைப்போருக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் உகந்தவை.

பரங்கியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. கோலத்துக்கு அவற்றைப் பறிக்கலாம்; பெண்பூ வரத் தொடங்கியபின் மகரந்தத்துக்காக இரண்டொன்றைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். பூவுக்கு அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. அதைப் பறிக்க வேண்டாம். தைப் பொங்கலுக்குப் பின் அக்கொடியே குழம்புக்குக் காய் தரும்.

பெண்பூ பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்வது ஏன் என்பதை அடுத்த இதழில் காண்போம்.