கூதல் புகாத வீடு

மட்டக்களப்பில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் மாரியில் ஒரு கிழமை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வந்து தங்கிப் பார்க்கட்டும். மார்கழி, தை இரவுகளில்கூட இங்கே வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால்தான் கூதல் எங்கள் ஊர்ப் பிரச்சினையாக எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பிறந்து பத்து நாளான பிள்ளையோ ஓதம் ஏறிய மண் தரைக்கு மேல் ஏணையில் கிடக்கிறது. சுற்றிய சேலைத்துண்டு மூன்று நாளாகக் காயவில்லை. கிடுகுத் தட்டியின் இடுக்கால் வாவிக் காற்று நுழைகிறது. விடியற்புறம் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து ஏணைக்குள்ளே சொட்டுகிறது.

ஈரத்துணி உடம்புச் சூட்டை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு நடுங்கினால் சூடு பிறக்கும். பச்சைப் பிள்ளைக்கு அப்படி நடுங்க வராது. பிள்ளையின் உடம்பு 36.5 பாகைக்குக் கீழே போனால் குளிர் தாக்கிவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது பிள்ளை வீரிட்டு அழாது. பால் குடிப்பது குறையும், சோர்ந்து கிடக்கும். நல்லாத் தூங்குது என்று நாங்களும் பேசாமல் இருந்துவிடுவோம். எங்களில் சிலர் அப்படி இருந்தவர்கள்தான்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது, ஓரிரு நாள் மழையிலும் வாடைக்காற்றிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. செத்த மாட்டை எண்ணியது சரியே. மாடு ஒரு குடும்பத்தின் சீவியம். அதே இரவுகளில் தகரக் கொட்டில்களுக்குள் கிடந்த பிள்ளைகளை யார் போய்ப் பார்த்தது? அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியிருந்தது. விறகும் நனைந்து, எண்ணெயும் வாங்க முடியாத வீட்டில் பிள்ளைக்குச் சுடுதண்ணி வைப்பது எப்படி? இந்தக் கேள்விகளோடுதான் எங்கள் இயக்கம் தொடங்குகிறது.

எங்கள் கொள்கை சுருக்கமானது. இந்த வாவிக் கரையில் பிள்ளைக்குச் சூடு கொடுப்பதென்றால் பிள்ளையை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான். காய்ந்த தரை, காய்ந்த துணி, காய்ந்த விறகு. இவை மூன்றும் மழைக்கு முன்னரே வீட்டில் இருக்க வேண்டும்.

2011 தை வெள்ளத்தில் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. பள்ளிக்கூட முகாம்களுக்கு அரிசி வந்தது, பருப்பு வந்தது. கொடுத்த கைகளை மறக்க மாட்டோம். ஆனால் எங்களில் ஒரு தாய் நாற்பது நாள் பிள்ளையோடு சீமெந்துத் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். சாக்கும் ஈரம். இரவெல்லாம் பிள்ளையைத் தன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்ததாகச் சொல்கிறார்.

அந்தத் தாய் செய்தது வைத்தியமே. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய சூட்டுப்பெட்டி இல்லாமல் தவித்த வைத்தியர் எட்கார் ரே, பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்தவுடனே இப்படி அணைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வழிகாட்டியது. தகப்பனும் அம்மம்மாவும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கற்றுக்கொடுப்போம். சளி போகட்டும் என்று பூட்டிய அறைக்குள் ஈர விறகை மூட்டிப் புகை போடுவது பிள்ளையின் நெஞ்சைக் கெடுக்கும் என்பதையும், பெரியவர்கள் மனம் நோகாதபடி, ஆனால் ஒளிக்காமல் சொல்வோம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் ஒவ்வொரு ஏழை வீட்டிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டு வேண்டும். தாயும் பிள்ளைகளும் அதில் படுக்கட்டும். தகரத்தின் கீழே கிடுகோ பன்பாயோ கட்டினால் சொட்டுவது நிற்கும், காற்றும் தணியும். பன்பாய் இழைக்கும் பெண்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறிகள் இருக்கின்றன. துணியையும் பாயையும் அவர்களிடமே வாங்குவோம். மூடியுள்ள வாளியொன்றில் பருத்தித் துணி, தொப்பி, காலுறை, போர்வை வைத்து அடைத்து, கர்ப்பிணிகளிடம் ஐப்பசிக்கு முன் சேர்ப்போம். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று கூதல் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்க மாட்டோம்.

அரசிடமும் கேட்கிறோம், பிச்சையாக அல்ல. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கும்போதும், வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை நீர் தேங்கி நிற்கும்போதும் முதலில் வெளியேற்ற வேண்டியவர்கள் அந்தத் தாய்மாரும் பிள்ளைகளுமே. முகாமாகும் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அறையைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒதுக்கி, யன்னல்களைப் படங்கால் மறைத்து, தரையில் மேசைகளையாவது சேர்த்துப் போட வேண்டும். வீட்டுத்திட்டம் தரும்போது கூரையை மட்டும் எண்ணாமல், போன வெள்ளம் சுவரில் விட்ட தடத்துக்கு மேலே அத்திவாரத்தை உயர்த்திக் கட்டப் பணம் ஒதுக்க வேண்டும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எங்கள் உறவுகளே, சூடாக்கியின் கட்டணம் வரும் மாதங்களில் இங்கே மாரி. ஒரு பலகைத் தட்டின் செலவை உங்களிடம் கேட்கிறோம்.

ஆவணியில், வெயில் காயும்போதே, தச்சர்கள் படுவான்கரைக்குப் பாதைப் படகேறிப் போவார்கள். முதல் தட்டு ஆற்றோரம் கடைசியாக நிற்கும் வீட்டுக்கு. அங்கிருந்து மேட்டை நோக்கி வருவோம்.